மெய்ப்பாடும் மௌனமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் உணர்வறிதல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பாலப்பருவத்தில் இன்னல்களுக்கு உட்பட்டோர் வளர்ந்தபின் தம் உணர்வுகளை இனங்காணவும் பெயரிட்டு உரைக்கவும் இடர்ப்படுகின்றனர் என்னும் கருத்து இன்றைய உளவியலிலே ஏறத்தாழ நிலைபெற்ற முடிபாகக் கொள்ளப்படுகின்றது. இம்முடிபு உருவான இடங்கள் பொஸ்ரன், ரொறன்ரோ போன்ற மேலை நகரங்கள். அது பேசும் மனிதரோ அங்கு மட்டும் வாழ்பவரல்லர். 1990 இலே படுவான்கரையிலோ ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ பத்து வயதினராய் இருந்த பிள்ளை இன்று நாற்பதுகளின் நடுப்பகுதியில் நிற்கும் தாய் அல்லது தந்தை. இத்தகையோரிடம் 'உங்களுக்கு என்ன செய்யுது?' என்று வினவின், 'நெஞ்சு எரியுது', 'ஒரே யோசனை', 'மேலெல்லாம் உளையுது' என விடை வருவதை இப்பிரதேசத்தில் உளவளத்துணைப் பணியில் ஈடுபட்டோர் நன்கறிவர். இவ்விடையை எவ்வாறு வாசிப்பது? உணர்வுக்குச் சொல் இல்லாத ஒருவரின் கூற்றாகவா, அன்றி உணர்வை வேறொரு மொழியிலே சொல்லிவிட்ட ஒருவரின் கூற்றாகவா? இக்கட்டுரை இதனை முதன்மையாக ஒரு வாசிப்புப் பிரச்சினையாகவே அணுகுகின்றது. உளமருத்துவம் பயிலாத தமிழ் மாணவர்க்கு இவ்விடயத்திலே பேச இடமுண்டு என்று கொள்வதற்கும் அதுவே காரணம்.

கலைச்சொல்லின் பிறப்பை முதலில் நோக்கலாம். 1973 இலே பீற்றர் சிஃப்னியோஸ் என்னும் உளமருத்துவர் கிரேக்க மொழிக் கூறுகள் மூன்றை இணைத்து 'அலெக்சித்தைமியா' என்ற சொல்லை ஆக்கினார். இன்மை, சொல், உள்ளம் என்பன அம்மூன்று கூறுகள். உள்ளத்துணர்வுக்குச் சொல் இன்மை என அதனை விரிக்கலாம். உடல் நோய்களுடன் வந்த, ஆயின் தம் உள்ளநிலை பற்றிப் பேசமாட்டாதிருந்த நோயாளரை விவரிப்பதற்கே அவர் அதனைப் பயன்படுத்தினார். நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிப் பின்னர் அமெரிக்காவிலே உளமருத்துவராய்ப் பணியாற்றிய ஹென்றி கிறிஸ்ரல், தம்மைப் போன்று தப்பியோரிடத்து இந்நிலையைக் கண்டு, அதனைப் பேரதிர்ச்சி அனுபவத்துடன் தொடர்புபடுத்தினார். 1988 இல் வெளிவந்த அவரது நூலின் சாரம் இது: குழந்தையின் உணர்வு முதலிலே உடலில் வேறுபாடின்றிக் கிடக்கின்றது, தாயும் பிறரும் அதற்குப் பெயர் கொடுக்கக் கொடுக்க அது பிரிந்து, தெளிந்து, சொல்லாகின்றது, பேரதிர்ச்சி இவ்வளர்ச்சியைத் தடுக்கின்றது அல்லது பின்தள்ளிவிடுகின்றது.

1994 இல் இருபது வினாக்களைக் கொண்ட ரொறன்ரோ அளவுகோல் இன்றைய வடிவைப் பெற்றது. உணர்வை இனங்காண்பதில் இடர், உணர்வை விவரிப்பதில் இடர், புறவுலகையே நோக்கும் சிந்தனை என்னும் மூன்று கூறுகளை அது அளக்க முனைகின்றது. இவ்வளவுகோலையும் இதனையொத்த பிறவற்றையும் கையாண்ட ஆய்வுகளை ஒருங்குதிரட்டி 2023 இலே வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தது. சிறுபராயத் துன்புறுத்தலுக்கும் பிற்கால உணர்வறியாமைக்கும் தொடர்புண்டு என்பதே அதன் முடிபு. இம்முடிபினுள்ளே பொதிந்திருக்கும் ஒரு செய்தி சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. உடல்மீதான அடி உதையைக் காட்டிலும், உணர்வுநிலைப் புறக்கணிப்பும் வசையுமே இந்நிலையுடன் வலுவான தொடர்பு காட்டின. அழும் பிள்ளையை அடித்ததிலும் பார்க்க, அழும் பிள்ளையைப் பாராதிருந்ததே ஆழமான வடுவை விட்டது என்று இதனை எளிமையாகக் கூறலாம்.

இதனோடு சேத் பொலக் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2000 ஆம் ஆண்டளவிலே நடத்திய ஆய்வுகளையும் வைத்து நோக்குதல் வேண்டும். புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகள் முகக்குறிப்புகளை வேறுபடுத்தி அறிவதில் இடர்ப்பட்டனர். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளோ சினத்தை மட்டும் ஏனையோரினும் முந்தி அறிந்தனர். முகம் முழுமையாகத் தெளிவடையுமுன்னரே, மிகக் குறைந்த அறிகுறியைக் கொண்டே, 'இது கோபம்' என்று அவர்களாற் சொல்ல முடிந்தது. இதனைக் குறைபாடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இது ஒரு கல்வி. கொடிய ஆசிரியரிடம் கற்ற கல்வி.

இக்கல்வியை வாவிக்கரைப் பிள்ளைகள் எங்கு கற்றனர் என்பதை அறிய ஆண்டுகளின் வரிசை ஒன்றே போதும். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலை. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தோர் மீது விடுதலைப் புலிகள் நடத்திய படுகொலை. சில நாள்களில் ஏறாவூர். அதே ஆண்டு செப்ரெம்பர் 5 இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதிமுகாமிலிருந்து இராணுவம் கொண்டுசென்ற 158 பேர் திரும்பவேயில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான். 1991 ஜூன் 12 இல் மகிழடித்தீவும் அதன் சுற்றயலும். பின்னர் வீட்டுக்கொரு பிள்ளை என்ற பெயரிலே இயக்கத்தின் சிறுவர் சேர்ப்பு. 2004 இல் இயக்கம் பிளவுண்டபோது வீடு திரும்பிய பிள்ளைகளுட் பலர் மீண்டும் தேடிச் செல்லப்பட்டமை. அதே ஆண்டின் இறுதியிலே கடல்கோள். 2006, 2007 இல் வாகரையிலும் படுவான்கரையிலும் நிகழ்ந்த இடப்பெயர்வு. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பிலே மாண்டோருள் சிறுவர் பலர். இவ்வரிசையை எழுதுவது எளிது. இதனுள்ளே வளர்ந்த பிள்ளைக்குச் சோதனைச்சாவடியிலே நின்ற படையினன் முகத்திலும், இரவிற் கதவைத் தட்டியவன் குரலிலும் சினத்தை முந்தி அறிவது உயிர்வாழ்தலுக்கான தேவை. தன் முகத்திலே எதுவும் தோன்றாமற் காப்பதும் அத்தகைய தேவையே. அண்ணன் எங்கே என்று கேட்கும்போது முகம் மாறினால் வீடே அழிந்துவிடலாம் என்பதை அறிந்த பிள்ளை, முகத்தை மாற்றாதிருக்கப் பழகுகின்றது. பழக்கம் நீடித்தால் மாற்றுவதற்கு உள்ளே ஏதேனும் இருக்கின்றதா என்பதும் அதற்கு ஐயமாகிவிடுகின்றது.

மேலைத்தேய ஆய்வுமரபின் முதலாவது குறை இங்குதான் புலனாகின்றது. சிறுபராயத் துன்ப அனுபவங்கள் பற்றிய பெரும்புகழ் வாய்ந்த ஆய்வு 1998 இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலே காப்புறுதி பெற்ற மக்களைக் கொண்டு வெளியிடப்பட்டது. அடி, வசை, பாலியற் கொடுமை, வீட்டில் மதுவெறியர் இருத்தல், குடும்பத்தவர் சிறையிலிருத்தல் என அதன் பட்டியல் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. போர் அதில் இல்லை, இடப்பெயர்வு இல்லை, வறுமையும் இல்லை. வீட்டை ஒரு தனித்தீவாகவும் பெற்றோரைத் துன்பத்தின் முதற் காரணராகவும் கொள்ளும் இப்பார்வை தற்செயலானதன்று; அது நடுத்தர வர்க்கக் குடும்பம் பற்றிய ஒரு கருத்துநிலை. உலக சுகாதார நிறுவனம் பின்னர் தயாரித்த பன்னாட்டு வினாக்கொத்திலே கூட்டு வன்முறை சேர்க்கப்பட்டமை உண்மையே. எனினும் அதனைப் பட்டியலின் இறுதியில் ஓர் உருப்படியாகச் சேர்ப்பதனாற் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை.

'உணர்வுநிலைப் புறக்கணிப்பு' என்னும் வகையையே எடுத்துக்கொள்வோம். 1990 இன் இறுதியிலே மூத்த மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய் ஒருத்தி வீட்டிலே மூன்று சிறுபிள்ளைகளை விட்டுச் சென்றாள். மாலையில் திரும்பியவள் எவருடனும் பேசவில்லை. இவ்வாறு வாழ்ந்த தாய்மார் இப்பிரதேசத்தில் எண்ணிலர். அம்மூன்று பிள்ளைகளும் வளர்ந்தபின் வினாக்கொத்தை நிரப்பினால் புறக்கணிப்பு என்ற வரியில் உயர்ந்த புள்ளி பெறுவர். பிள்ளைகளின் அனுபவம் மெய்யானது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் புறக்கணித்தவர் யார்? 'புறக்கணித்தல்' என்னும் வினைக்கு ஓர் எழுவாய் வேண்டும். அளவுகோல் அவ்வெழுவாயைத் தாயெனக் கொள்கின்றது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாய்ச் சென்ற தாய் விடயத்திலும் இதுவே நிகழ்கின்றது. 2013 இலே இலங்கை அரசு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வாறு செல்வதைத் தடுத்தது. 2022 இற் பொருளாதாரம் சரிந்தபோது அவ்விதியைத் தளர்த்தியது. பிள்ளையின் உளநலம் எந்த அளவுக்கு அரசின் உள்ளக்கிடக்கையாய் இருந்தது என்பதை இவ்விரு தீர்மானங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் அறிவர்.

போரையும் வீட்டையும் பிரித்து நோக்கல் இயலாது என்பதற்கு நம்மிடையிலிருந்தே சான்றுண்டு. கிளோடியா கட்டானியும் அவர் குழுவினரும் வடகிழக்கின் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட கட்டுரை, போரும் கடல்கோளும் குடும்ப வன்முறையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பிள்ளைமீது இறங்குவதைக் காட்டிற்று. தந்தையின் மதுப்பழக்கமும் குடும்பம் பட்ட போர் அனுபவமும் வீட்டில் விழும் அடியோடு தொடர்புற்றிருந்தன. கசிப்புக் குடித்து வந்து பிள்ளைக்கு அடிக்கும் தந்தை, தானும் முன்பொருநாள் வீதியில் முழந்தாளில் நிறுத்தப்பட்ட பிள்ளையாய் இருந்திருக்கக்கூடும். இது அவனுக்கு மன்னிப்பாகாது. ஆயின் அவனை விளங்கிக்கொள்ளாமல் அவன் பிள்ளையையும் விளங்கிக்கொள்ள முடியாது.

இனி, உடல்மொழி பற்றிய வினாவுக்கு வருவோம். கிறிஸ்ரலின் கோட்பாட்டிலே உடலிலிருந்து சொல்லுக்குச் செல்வது வளர்ச்சி. சொல்லிலிருந்து உடலுக்குத் திரும்புவது வீழ்ச்சி. கீழைத்தேயத்தார் உள்ளத்துன்பத்தை உடல்நோவாகவே உணர்கின்றனர் என்ற நெடுநாளைய மருத்துவக் கூற்றும் இவ்வேணியையே கொண்டது. நாம் அதன் கீழ்ப்படியிலே நிறுத்தப்பட்டோம். ஆதர் கிளெய்ன்மன் சீனத்தின் ஹுனான் மாகாணத்திலே நடத்திய ஆய்வு இவ்வேணியை அசைத்தது. கலாசாரப் புரட்சிக்குப் பின்னர் அரசியற் காயத்தை வெளிப்படையாகப் பேச இயலாத நிலையிலே, தலைவலியும் களைப்பும் பேசுவதற்குப் பாதுகாப்பான மொழியாய் அமைந்தன என அவர் காட்டினார். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் தமிழ்ப் பெண்களின் பெருமூச்சை வெறும் நோய்க்குறியாகக் கொள்ளாது துயரின் வெளிப்பாட்டு முறையாகவே இனங்கண்டவர்.

எனினும் இவ்விடத்திலே நாம் சீனத்துக்கும் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், உணர்வு பற்றித் தமிழிலே எழுந்த முதற் கோட்பாட்டுரை. மெய்ப்பாடு என்ற சொல்லே அக்கோட்பாட்டின் அடிப்படையைக் கூறிவிடுகின்றது: உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் தோன்றுதல். உவகை, நகை, அச்சம், வெகுளி, அழுகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என்னும் எட்டனையும் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களிலே பிறக்கும் என வகுக்கின்றது அவ்வியல். செய்யுள் இன்பத்துக்கான பகுப்பு என்றே இதனை வகுப்பறைகளிற் கற்பித்து வந்துள்ளோம். வாவிக்கரையிலிருந்து மீண்டும் படிக்கும்போது இப்பகுப்பு வேறு முகம் காட்டுகின்றது. வெகுளி எவற்றிலிருந்து பிறக்கும்? கொலையிலிருந்து, உறுப்பை அறுத்தலிலிருந்து, குடியை நலிதலிலிருந்து, வைதும் அடித்தும் அலைத்தலிலிருந்து. 1990 இன் மட்டக்களப்புக்கு இதனினும் செறிவான விவரணம் தேவையில்லை. அச்சத்தின் களங்கள் நான்கனுள் அணங்கும் விலங்கும் கள்வரும் போக எஞ்சுவது, தன்னை ஆளும் இறை. உரையாசிரியர் அதனை எவ்வாறு விரிப்பினும், அதிகாரத்தையே அச்சத்தின் இயல்பான ஊற்றுகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கொள்கின்றது என்பது தெளிவு. சான் டியேகோவின் பட்டியலிலே விடுபட்டது தொல்காப்பியத்தில் உண்டு. இதனைப் பெருமை பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை. பழம்பெருமை பேசுதல் நம்மிடையே ஏற்கெனவே மிகுதி.

இக்கோட்பாட்டிலே நம் விடயத்துக்கு மிகவும் பயன்படுவது அவ்வியலின் இறுதியில் வரும் கருத்து. கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரும் உணர்வுடைய மாந்தர்க்கன்றி ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் அறிதற்கரியது என்று அது முடிகின்றது. உணர்வறிதலின் பொறுப்பை மெய்ப்பாடு உடையவர்மேல் மட்டும் சுமத்தாது, காண்பவர்மேலும் கேட்பவர்மேலும் அது வைத்துவிடுகின்றது. ரொறன்ரோ அளவுகோல் வினவுவதோ பாதிக்கப்பட்டவரை மட்டுமே. எதிரிலிருந்து வினவுபவர்க்கு 'நெஞ்சு எரியுது' என்பதைக் கேட்கும் செவி உண்டா என அளக்கும் கோல் எதுவும் அதனிடத்து இல்லை. சீன வம்சாவழிக் கனேடியரிடையே 2012 இல் வெளிவந்த ஆய்வொன்று, அவர்களது உயர்ந்த புள்ளிகள் பெரிதும் 'புறவுலகையே நோக்கும் சிந்தனை' என்ற கூறிலிருந்தே வருவதையும், அது நோயினும் பண்பாட்டு விழுமியத்தோடே தொடர்புற்றிருப்பதையும் காட்டிற்று. தன் உள்ளத்தை ஓயாது துருவி ஆராய்பவனே நிறைமனிதன் என்பது உலகப் பொதுவிதியன்று என்பதை அளவுகோல் செய்தோர் நாட்டவரே இப்போது ஒப்புகின்றனர்.

இவ்விடத்திலே நிறுத்திவிட்டால் நம் பண்பாடு வென்றது என்ற மகிழ்ச்சியோடு கலைந்து செல்லலாம். ஆனால் அது பொய்யான வெற்றி. உடலாற் பேசும் மரபொன்று நம்மிடம் உண்டு என்பதனால், பேச்சிழந்தவர் நம்மிடையே இல்லை என்றாகிவிடாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாது 'எங்கள் ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள்' என்று கூறித் தட்டிக்கழிப்பது, கீழைத்தேயத்தார் என்று நம்மைக் கீழ்ப்படியில் நிறுத்தியவரின் தவறினைத் தலைகீழாய்ச் செய்வதே. மார்கிறெற் ட்றாவிக் தமிழ்நாட்டுக் குடும்பமொன்றில் அன்பு பற்றி 1990 இல் எழுதிய நூலிலே, அன்பை மறைத்தலும் அடக்கலும் அன்பின் ஒரு வடிவமாதலை நுணுக்கமாகக் காட்டினார். தாய் தன் பிள்ளையை வெளிப்படையாகப் புகழாள், கண்ணூறு பட்டுவிடும். இங்கே மறைக்கப்படுவது எது என்பதை மறைப்பவள் அறிவாள், பிள்ளையும் அறியும். அச்சத்தாற் பழகிய மௌனத்திலோ நாளடைவில் மறைப்பவருக்கே மறைபொருள் தொலைந்துபோகின்றது. அடக்கம் வேறு, அடக்குமுறை உள்ளே குடியேறியமை வேறு. இவ்வேறுபாட்டை இழந்த பண்பாட்டு ஆய்வு எத்துணைப் புலமை வாய்ந்ததாயினும் பயனற்றது. அதே ட்றாவிக் பின்னர் படுவான்கரையில் வாழ்ந்து 2007 இல் வெளியிட்ட நூல், போரினுள்ளும் விளையாட்டைக் கைவிடாத பிள்ளைகளைக் காட்டுகின்றது. காயமே அவர்களின் முழுக் கதையுமன்று என்பதற்காக அதனையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

அம்மன் கோவில்களிலே தெய்வமாடி வாக்குச் சொல்வோர் பற்றி பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் 1990களில் இப்பிரதேசத்தில் நிகழ்த்திய ஆய்வு இதற்கு நேரான சான்று. காணாமற்போனவர் பற்றி வீதியிலே பேசமுடியாது, அயலவருடன் பேசமுடியாது, பல வீடுகளிலே பிள்ளைகள் முன்னிலையிலும் பேசப்படவில்லை. கோவிலிலே தெய்வமேறியவர் காணாமற்போனவரின் வதையைத் தம் உடலிலே காட்டினார். 'இருக்கின்றான்' என்றோ 'இல்லை' என்றோ வாக்குக் கூறினார். தாய் அங்கே அழுதாள். உணர்வுக்கு உரிய உடலும் சொல்லும் இன்னொருவரிடமிருந்து கடனாகப் பெறப்பட்டன எனலாம். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் வேறெந்த நிறுவனம் அவ்வேளையில் அத்தாயின் பேச்சைக் கேட்டது என்பதையும் சொல்லவேண்டும். அதேவேளை, வாக்குச் சொல்லுதலை நாட்டார் உளமருத்துவம் என்று முடிசூட்டுவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: கோவில் முன்றிலில் தாய் அழுதாள்; அவள் கையைப் பற்றி நின்ற எட்டு வயதுப் பிள்ளைக்கு எவரும் வாக்குச் சொல்லவில்லை. சடங்கு வளர்ந்தோரின் துயருக்கு வடிவம் கொடுத்தது. பிள்ளை பார்வையாளராகவே நின்றது.

வைகாசியில் வாவியின் இருகரைகளிலும் கண்ணகி கோவில்களிலே நிகழும் குளிர்த்தி இதனினும் ஆழமாக நோக்கத்தக்கது. பெண்ணொருத்தியின் வெகுளியே இங்கு வழிபடுபொருள். அவ்வெகுளி நியாயமானது என்பதை வழக்குரைப் பாடல் ஆண்டுதோறும் எடுத்தோதுகின்றது. பின்னரே அதனைக் குளிர்விக்கின்றனர். நியாயத்தை ஒப்புக்கொள்ளாமற் குளிர்த்தி இல்லை. போருக்குப் பிந்திய நல்லிணக்கப் பேச்சிலே இவ்வரிசை தலைகீழாயிற்று: குளிரும்படி முதலில் கேட்கப்பட்டது, வழக்குரை இன்னும் தொடங்கவில்லை. தம் சினத்தைத் தாமே அறியாதிருக்கும் மனிதரை ஆராய்வோர் இதனையும் கருத்திற் கொள்ளல் தகும்.

முற்போக்கு விமர்சன மரபின் பங்கையும் இங்கு மறைத்தலாகாது. எஸ். பொன்னுத்துரையின் 'தீ' வெளிவந்த 1961 முதலாக அடுத்த இருபதாண்டுகளில், தனிமனிதரின் அகவுலகை நாடிய எழுத்தை ஃபிராய்டிசம், நசிவிலக்கியம் என்ற முத்திரைகளுடன் ஒதுக்கும் போக்கு நம் விமர்சனத்திலே வலுப்பெற்றிருந்தது. அம்முத்திரைகள் சிலவேளை பொருத்தமாயும் இருந்தன. ஆனால் அதன் விளைவாக, வறுமையையும் ஒடுக்குமுறையையும் பற்றிப் பேசிய விமர்சனத்திடம், அவை ஒரு பிள்ளையின் உள்ளே என்ன செய்கின்றன எனக் கேட்பதற்கான கருவிகள் இல்லாது போயின. அகம் என்பது முதலாளித்துவத்தின் ஆடம்பரம் என்று விட்டுவிட்ட இடத்தை, பின்னர் அரசுசாரா நிறுவனங்களின் பயிற்சிப் பட்டறைகள் எடுத்துக்கொண்டன. கடல்கோளின் பின்னர் அவை மட்டக்களப்பிலே பெருகின. உணர்வுகளின் பெயர்ப்பட்டியலும் முகப்படங்களும் மொழிபெயர்ப்புத் தமிழில் விநியோகிக்கப்பட்டன. சிரிக்கும் வட்டமுகம், அழும் வட்டமுகம். வாவிக்கரைப் பிள்ளை அறிந்த முகங்கள் அவ்வட்டங்களிலே இருந்தனவா என்பது வேறு விடயம். படைப்பிலக்கியம் இவ்விடயத்திலே விமர்சனத்தை முந்திச் சென்றது. உமா வரதராஜன் 'அரசனின் வருகை'யிலே அரசகதையின் போர்வையை நாடியதையும், சோலைக்கிளி வழக்கமான துயர்ச்சொற்களைத் தவிர்த்து விசித்திரமான படிமங்களைத் தேடியதையும் வெறும் உத்திச்சோதனை எனக் கொள்வது போதாது. நேர்ச்சொல் ஆபத்தாகவும் தேய்ந்ததாகவும் ஆகிவிட்ட நிலையிலே, உணர்வை இனங்காண்பதற்கே புதுவழி தேவைப்பட்டது.

பிள்ளையை நேராக நோக்கிய முயற்சியும் ஒன்று உண்டு. 1996 இலே மட்டக்களப்பு நகரிலே தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் முன்னின்று உருவாக்கியது. தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் கிழமைதோறும் பல மாதங்கள் ஒன்றாய் வந்து களிமண் பிசைந்தனர்; வரைந்தனர்; கதை கட்டினர்; ஆடினர். 'உனக்கு என்ன உணர்வு?' என்ற வினா அங்கு முதலில் வரவில்லை. பிள்ளை செய்த பொருளை ஒருவர் பார்த்தார். கூறிய கதையைக் கேட்டார். அடுத்த கிழமையும் அவரே அங்கிருந்தார். தொகுப்பாய்வு கண்ட புறக்கணிப்புக்கு எதிர்ச்சொல் இதுவாகவே இருத்தல்கூடும். எனினும் பூங்காவின் வேலிக்கு வெளியே போர் நடந்துகொண்டேயிருந்தது. பூங்காவுக்குச் செல்ல வாய்த்த பிள்ளைகள் மாவட்டத்துப் பிள்ளைகளுள் ஒரு சிறு தொகையினர். வெளிநாட்டு நிதி வரும் வரையிலேதான் இத்தகைய முயற்சிகள் நிலைக்கின்றன என்பதும் நாமறிந்த கதை. பாடசாலைக்குள் இம்முறை செல்லவில்லை. அங்கே அழகியற் பாடவேளையையும் பரீட்சைக்குரிய பாடங்களுக்கே கொடுத்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு.

தமிழ்த் துறைகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது பெருஞ்செலவு வேண்டாதது. மட்டக்களப்புப் பேச்சுத்தமிழ் ஏனைய பேச்சுவழக்குகளினும் எழுத்துத்தமிழுக்கு அண்மையது என்று கமில் சுவெலபில் 1960களிற் சுட்டியது முதலாக இவ்வழக்குப் பற்றிய ஆர்வம் பெரிதும் ஒலியனிலும் உருபனிலும் நின்றுவிட்டது. உணர்ச்சொற்கள் தொகுக்கப்படல் வேண்டும். எழுவான்கரை, படுவான்கரை, முஸ்லிம் ஊர்கள் ஆகியவற்றின் வழக்குகள் தனித்தனியே பதியப்படல் வேண்டும். எவர் எவரிடம் எச்சூழலிலே அச்சொல்லைக் கூறுவர் என்பதும் குறிக்கப்படல் வேண்டும். 'ஏங்கிப்போதல்' என்பதிலே திடுக்குற்ற அச்சமும் பிரிந்தவரை நாடும் தவிப்பும் ஒரு சொல்லில் உள்ளன. 'அந்தரம்' என்பது பதற்றமா, துணையின்மையா? 'யோசனை' என்று ஒரு தாய் கூறும்போது அது சிந்தனையன்று என்பது கேட்போர் யாவர்க்கும் தெரியும். அது என்னவென்று எழுதிவைத்தோர் மிகச் சிலர். எல்லாவற்றினும் மேலாக 'வெப்பிசாரம்' என்ற சொல் உண்டு. இழந்த துயரும், இழக்கவைத்தோர்மீது காட்டமுடியாத சினமும், அவ்விரண்டும் உள்ளே சேர்ந்து எரியும் வெம்மையும் அதன் பொருள். துயருக்கு ஒரு கட்டம், சினத்துக்கு வேறொரு கட்டம் என்று பிரித்துவைக்கப்பட்ட வினாத்தாளை மட்டக்களப்பிலே நிரப்புபவர் தம் வெப்பிசாரத்தை எந்தக் கட்டத்தில் இடுவார்? இரண்டையும் வெறுமையாய் விட்டுவிட்டால், தம் உணர்வை அறியாதவர் என்று அவர் பெயரின் எதிரே பதிவாகும்.